கரை கட்டும் பிள்ளை: நாட்டுப்புறக் கதையைப் படப்புத்தகமாக்க முழுமையான வழிகாட்டி

ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, 32 பக்கத்தில், ஒரு வாய்மொழிக் கதையைப் படப்புத்தகமாகக் கொண்டுவரும் வேலை வரிசை இது. கதையின் நடுவில் எதையோ கட்டும் ஒரு பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுவது கரையோ மதகோ குடிசையோ கோபுரமோ, எதுவானாலும் சரி. இடம் காவிரிப் படுகை.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கதை கையில் கிடைத்ததும் நேரே ஓவியரிடம் போய்விடுகிறார்கள். பத்துப் படம் வரைந்து முடிந்த பிறகுதான் கதை பக்கத்துக்குள் அடங்கவில்லை என்பது தெரியவருகிறது. வரைந்ததை வீசவும் மனமில்லாமல், அந்தப் படங்களுக்கு ஏற்றபடி கதையை வெட்டி ஒட்டுகிறார்கள். முதலில் கதை, பிறகு அதிலுள்ள கட்டுமான வேலை, பக்கப் பங்கீடு, எழுத்து. படம் அதற்கப்புறம்தான்.

விளக்க வசதிக்காக ஒரு மாதிரிக் கதையைக் கூடவே எடுத்துப் போகிறோம். ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் ஒன்றில் கண்ணி வாய்க்கால், அதாவது வயலுக்குப் போகும் சிறு வாய்க்கால், கரை உடைகிறது. பெரியவர்கள் ஊரில் இல்லை. வடிவு என்ற ஒன்பது வயதுப் பெண் அதை அடைக்கிறாள். இது இந்த வழிகாட்டிக்காகவே அமைத்த கதை. உங்கள் ஊரில் கேட்ட கதையை இதன் இடத்தில் வைத்துப் படியுங்கள்.

1. முன்கூட்டித் தேவையானவை

ஒலிப்பதிவு செய்யக்கூடிய ஒரு கைபேசி, எட்டு ஏ4 தாள், பென்சில், ஒரு ஏ3 தாள். முதல் எட்டுக் கட்டங்களுக்கு இவை போதும். கணினியை இப்போது திறக்க வேண்டாம். எழுத்துரு தேடுவதில் இரண்டு வாரம் போய்விடும்.

பொருளைவிட முக்கியம் ஆட்கள். கதை தெரிந்த ஒருவர், வாய்க்கால் வேலை தெரிந்த ஒருவர், வாசித்துக் காட்ட ஐந்தாறு பிள்ளைகள். முதல் இருவரும் ஒரே ஆளாக இருந்தால் உங்களுக்கு யோகம்.

2. கதையைத் தேர்ந்தெடுத்தல்

கட்டும் பிள்ளையைப் பற்றிய நாட்டுப்புறக் கதைகள் பலவும் பிள்ளைக்கு நல்லதாக முடிவதில்லை. ஒடிசாவின் கொனார்க் சூரியக் கோயில் கதையில் 1,200 சிற்பிகளால் முடியாத உச்சிக் கலசத்தைப் பன்னிரண்டு வயதுத் தர்மபதன் பொருத்துகிறான், பிறகு அவர்கள் உயிரைக் காக்கக் கடலில் குதிக்கிறான். ஏரிக்கரை நிற்க ஒரு பெண்ணைப் பலி கொடுக்கும் கதைகளும் தென்னாட்டில் உண்டு.

இப்படி ஒரு கதை கிடைத்தால் முடிவை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தர்மபதன் கதை முழுவதும் அந்தக் குதிப்பை நோக்கியே ஓடுகிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஒரு கெட்டிக்காரப் பையன் மட்டுமே. அதை அப்படியே பெரிய பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, ஆறு வயதுக்கு வேறு கதை தேடுவதே நேர்மை.

கர்நாடகத்தின் பேலூரில் சொல்லப்படும் ஜகணாச்சாரி கதை மாதிரியானவை சிறு பிள்ளைகளுக்கு ஒத்துவரும். தன் தகப்பன் என்று தெரியாமலே பெரிய சிற்பி ஜகணாச்சாரியின் சிலையில் குறை இருப்பதாகச் சொல்கிறான் ஒரு பையன். சிலை முழுக்கச் சந்தனம் பூசுகிறார்கள். எல்லா இடமும் காய, வயிற்றுப் பகுதி மட்டும் ஈரமாகவே நிற்கிறது. அங்கே உளி வைத்தால் உள்ளிருந்து தேரை வருகிறது. கண்ணால் பார்த்து நம்பக்கூடிய ஒரு சோதனை இந்தக் கதைக்குள் இருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது அதைத்தான். பிள்ளையின் அறிவோ பிடிவாதமோ ஒரு பொருளில் தெரிய வேண்டும்.

பிற மாநிலக் கதையை எடுத்தால் அதைத் தஞ்சாவூருக்கு இழுத்து வராதீர்கள். கொனார்க்கின் கடலும் பேலூரின் கல்லும் அங்கேயே இருக்கட்டும்.

3. கதையைக் கேட்டுப் பதிவு செய்தல்

"ஒரு கதை சொல்லுங்க" என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு வாய் அடைத்துவிடும், இல்லையென்றால் புராணக் கதை வரும். "இந்த வாய்க்கா எப்ப உடைஞ்சிது? அப்ப யாரு அடைச்சா?" என்று வேலையில் தொடங்குங்கள். கதை சொல்லும் அப்பாயிக்கு முதலில் வருவது நடந்த சம்பவம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கதை வரும்.

குறைந்தது இரண்டு பேரிடம், தனித்தனியாகக் கேளுங்கள். இருவர் சொல்வதிலும் மாறாமல் வரும் பகுதிதான் கதையின் எலும்பு. மாறுவதெல்லாம் சொல்பவரின் கைவண்ணம். ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதினால் எது எலும்பு, எது கைவண்ணம் என்று பிரிக்க முடியாது, வெட்டக் கூடாததை வெட்டிவிடுவீர்கள்.

பதிவில் கேட்பவர் "ம்" கொட்டும் இடங்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். சொல்பவர் எங்கே நிறுத்தி "ம்" வரும்வரை காத்திருக்கிறாரோ, அங்கேதான் அடுத்து என்ன என்ற ஆவல் எழுகிறது. புத்தகத்தில் அந்த இடத்தில் பக்கம் திரும்ப வேண்டும். ஆறாம் கட்டத்தில் பக்கம் பிரிக்கும்போது இந்தக் குறிப்பு வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

பதிவுக்கும், புத்தகத்தில் பெயரும் ஊரும் போடுவதற்கும் சொல்பவரிடம் அப்போதே அனுமதி வாங்குங்கள். வாய்மொழிக் கதை ஊர்ச் சொத்து. ஆனால் அச்சில் வந்த ஒரு தொகுப்பில் ஒருவர் எழுதிய வடிவம் அவருடையது. இந்தியச் சட்டப்படி அந்த உரிமை எழுதியவர் காலம் முழுவதும், அதன்பின் 60 ஆண்டும் நிற்கும். தொகுப்பில் படித்த கதையானால் அந்த வரிகளை மூடிவைத்துவிட்டு, ஊரில் கேட்டதிலிருந்து எழுதுங்கள்.

4. கட்டுமான வேலையைச் சரிபார்த்தல்

எல்லோரும் தாண்டிப் போகும் கட்டம் இது. புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாயகி என்ன கட்டுகிறாள், எதைக் கொண்டு, எந்த வரிசையில், எது ஏன் விழுகிறது? இவற்றுக்கு விடை தெரியாமல் எழுதினால் "அவள் மீண்டும் முயன்றாள்" என்ற வரியைத் தவிர வேறு எதுவும் எழுத வராது.

*பொருள்.* படுகையில் கல் கிடையாது. திருச்சிப் பக்கத்தை விட்டுக் கிழக்கே வரவர வண்டலும் மணலும் களியும்தான். கல்லணை இருப்பது படுகையின் தலைப்பில். மணலில் இறக்கிய பெரிய கற்கள் நீர் அரிக்க அரிக்கத் தாழ்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கி, அடித்தளமானது என்பது அதைப் பற்றிய விளக்கம். ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் இந்த வித்தையை இங்கிருந்து கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். கல் தாழத் தாழ மறுபடி கல் போடும் கதை உங்களிடம் இருந்தால் அதை அங்கே வையுங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடக்கும் கதையில் பாறாங்கல் உருட்டினால் உள்ளூர்ப் பிள்ளையே சிரிக்கும். கடைமடையில் கைக்குக் கிடைப்பவை மூங்கில், பூவரசங்கொம்பு, தென்னங்கீற்று, வைக்கோல், நாணல், களிமண்.

*அளவு.* காவிரிக் கரை உடைப்பை ஒன்பது வயதுப் பெண் அடைக்க முடியாது. அடைப்பதாக எழுதினால் வெள்ளத்தில் இறங்கப் பிள்ளைக்கு நீங்களே வழிகாட்டியதாகும். கண்ணி வாய்க்கால், முழங்கால் அளவுத் தண்ணீர், இரண்டு பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) அகல உடைப்பு என்று வையுங்கள். இந்த அளவில் அவள் செய்வது நம்பும்படி இருக்கும்.

*காரணம்.* கரை ஏன் உடைந்தது? நண்டு வளை. வளை வழியாக ஊறும் நீர் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோக, ஓட்டை பெரிதாகி மேல்மண் இறங்கிவிடும். வானத்திலிருந்து விழுந்த கேடாக இல்லாமல், பிள்ளை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய காரணமாக இது இருக்கிறது. ஓவியருக்கும் முதல் பக்கத்திலிருந்து ஒளித்துவைக்க ஒரு நண்டு கிடைக்கிறது.

*வரிசை.* ஓடும் நீரில் கூடை கூடையாகத் தளர்மண்ணைக் கொட்டினால் கரைந்து போகும். ஒற்றை வரிசையாக முளை (மண்ணில் அறையும் கூர்க்கொம்பு) அடித்தால் நீர் இடுக்கில் பாய்ந்து முளையின் அடியை அரிக்கும். உடைப்பு வாயில் ஏற்கெனவே பள்ளம் விழுந்திருப்பதால் அங்கே முளை ஊன்றவும் செய்யாது. தெரிந்தவர்கள் பள்ளத்தை விட்டு ஒதுங்கி, வளைவாக இரண்டு வரிசை முளை அடிப்பார்கள். வரிசைகளுக்கு உள்பக்கம் கீற்றை வைத்துக் கட்டி, நடுவில் வைக்கோலும் களியும் ஒரு சாண் கனம் போட்டு மிதிப்பார்கள், மறுபடி ஒரு சாண் போட்டு மிதிப்பார்கள். மிதிக்காமல் நிரப்பினால் இடையில் கசிவு விழும்.

இரு முனையிலிருந்தும் கரை நெருங்க நெருங்க, மிச்சமுள்ள இடுக்கில் நீர் வேகம் பிடிக்கும். கடைசி ஒரு முழம்தான் ஆகக் கடினம். கதையின் உச்சத்தை நீங்கள் புனைய வேண்டியதே இல்லை, தண்ணீரே தருகிறது. அந்த நேரத்தில் மேலே மதகில் பலகை போட்டு நீரைக் குறைத்தால்தான் இடுக்கை அடைக்க முடியும்.

இங்கே பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: "பலகையை முதல்லயே போட்டிருக்கலாம்ல?" பதில் கதைக்குள் இருக்க வேண்டும். அந்த மதகை நம்பி மூன்று ஊர் இருக்கிறது. மதகு பார்க்கும் தாத்தா ஒரு நாழிகைதான் மூடித் தருவார், அதாவது 24 நிமிடம். கதையில் இருந்த ஓட்டையையும் அடைத்தாயிற்று, பரபரப்பும் சேர்ந்துகொண்டது.

5. மூன்று முயற்சிகளை அமைத்தல்

பிடிவாதம் என்பது அதையே திரும்பச் செய்வதாக இருந்தால் படம் மூன்று முறையும் ஒன்றாகவே இருக்கும். இரண்டாவது முறையே பிள்ளை பக்கத்தைத் தள்ளிவிடும். ஒவ்வொரு முயற்சியிலும் மூன்றில் ஒன்றாவது மாற வேண்டும்: கையில் உள்ள பொருள், கட்டும் இடம், உடம்பின் நிலை.

வடிவுக்கு முதல் முயற்சியில் கூடையும் மண்ணும், நிமிர்ந்த நடை. இரண்டாவதில் கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்) முளையும், தண்ணீருக்குள் குனிந்த உடம்பு. மூன்றாவதில் கரையே நேர்க்கோட்டிலிருந்து வளைவாகிறது. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும், அவள் எதையோ புதிதாகக் கண்டுகொண்டாள் என்பது அந்த வளைவிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது தோல்விக்கும் மூன்றாவது முயற்சிக்கும் நடுவே ஒரு விரிபக்கம் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்) சொல்லே இல்லாமல் விடுங்கள். அவள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, குச்சியால் பள்ளத்தின் ஆழம் பார்க்கட்டும். "வடிவு மனம் தளரவில்லை. விடாமுயற்சி வெற்றி தரும் என்று அவளுக்குத் தெரியும்" என்ற வரிகளை இங்கேதான் எல்லோரும் நுழைப்பார்கள். அடித்துவிடுங்கள். விடாமுயற்சி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே வரத் தேவையில்லை, பின்னட்டையிலும்கூட.

6. பக்கப் பங்கீடு

32 பக்கம் ஏன்? அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரத்தை ஒன்றுக்குள் ஒன்று வைத்துப் பின் அடித்தால் புத்தகம். 34 பக்கக் கதை எழுதினால் அந்த இரண்டு பக்கத்துக்காகத் தாளும் கூலியும் தனியாக ஏறும்.

ஏ3 தாளில் 17 கட்டம் போடுங்கள்: முதல் பக்கம் ஒன்று, கடைசிப் பக்கம் ஒன்று, நடுவில் 15 விரிபக்கங்கள். பக்கம் 1 தலைப்பு. பக்கம் 2 பதிப்பு விவரம். மாதிரிக் கதை மற்றவற்றில் இப்படி உட்காரும்:

- 3: நாற்றங்கால், அப்பாயி, வடிவு. மூலையில் நண்டு.
- 4–5: வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிறது.
- 6–7: கரை உடைகிறது.
- 8–9: பெரியவர்கள் பெரிய ஆற்றங்கரையைக் காக்கப் போயிருக்கிறார்கள்.
- 10–13: முதல் முயற்சி, அது கரைவது.
- 14–17: இரண்டாவது முயற்சி, முளை சாய்வது.
- 18–19: சொல்லில்லாத பக்கம்.
- 20–23: வளைவான இரண்டு வரிசை, கீற்று, களி, மிதிப்பது.
- 24–25: இடுக்கு ஒரு முழமாகிறது, நீர் சீறுகிறது.
- 26–27: மதகுக்கு ஓட்டம், தாத்தாவிடம் பேச்சு.
- 28–29: அடைப்பு.
- 30–31: தண்ணீர் கடைசி வயலுக்குப் போகிறது.
- 32: சின்னப் படம் ஒன்று.

முயற்சி ஒரு விரிபக்கத்தில், தோல்வி பக்கத்தைத் திருப்பினால் அடுத்ததில் என்று பிரித்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே விரிபக்கத்தில் இருந்தால் கண் முதலில் தோல்விக்குத்தான் போகும், எதிர்பார்ப்புச் செத்துவிடும். வலப்பக்கக் கடைசி வரி எப்போதும் "ம்" கேட்கும் வரியாக இருக்கட்டும்.

8–9 ஆம் பக்கத்தைச் சிலர் வீண் என்று வெட்டிவிடுவார்கள். வெட்டினால் "ஏன் அந்தப் பொண்ணு மட்டும் செய்யிது? அவங்க அப்பா எங்க?" என்ற கேள்வி புத்தகம் முடியும்வரை தொங்கிக்கொண்டிருக்கும்.

7. எழுத்து

மொத்தம் 350 முதல் 450 சொல். விரிபக்கத்துக்கு 35 சொல்லைத் தாண்டினால் படத்துக்கு இடமிருக்காது. முதல் வரைவு எப்படியும் 900 சொல் வரும். படம் காட்டுவதைச் சொல்லும் வரிகளை எல்லாம் அடித்தால் பாதி குறையும். "வடிவு மூங்கில் கூடையில் களிமண்ணை அள்ளித் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்து வந்தாள்" என்பதில் படத்தில் தெரியாதது எதுவும் இல்லை. "கழுத்தெல்லாம் சேறு வழிந்தது. ஒரு கூடை. இன்னொரு கூடை" என்று எழுதினால் கனம் தெரியும்.

கதை சொல்லும் வரிகள் எளிய பொதுத்தமிழிலும் பேச்சு ஊர்த்தமிழிலும் இருக்கட்டும். இரண்டையும் கொச்சையாக்கினால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை திணறும். இரண்டையும் செந்தமிழாக்கினால் அப்பாயி வானொலிச் செய்தி வாசிப்பது போலிருக்கும். "தாத்தா, பலகைய கொஞ்சம் போடுங்க தாத்தா." "மூணு ஊருக்குத் தண்ணி போவுது தாயி. ஒரு நாழிகதான் தருவேன்." இந்த அளவு போதும். பெரியவரைப் பிள்ளை "நீங்க" என்றும் பெரியவர் பிள்ளையை "தாயி" என்றும் சொல்வதை மாற்றாதீர்கள்.

ஒலிச்சொற்களை மனம்போல் தூவாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுங்கள். மண் விழுந்தால் "தொபுக்", முளை அடித்தால் "டொக் டொக்", களி மிதித்தால் "சளக் சளக்". மூன்றாவது முயற்சியில் மூன்றும் வரிசையாக வரும்போது பிள்ளைகள் நீங்கள் கேட்காமலே கூடச் சொல்வார்கள்.

ஒட்டி நீளும் சொற்களைப் பிரியுங்கள். "எடுத்துக்கொண்டுவந்துவிட்டாள்" என்பது ஏழு வயதுக்கு ஒரு மலை. "எடுத்து வந்தாள்" போதும். ஆனால் "க்", "ச்", "த்", "ப்" ஒற்றுகளைச் சிறுவர் நூல்தானே என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளை அச்சில் பார்ப்பதைத்தான் எழுதப் பழகும்.

8. மாதிரிப் புத்தகமும் சோதனை வாசிப்பும்

எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்கம். எழுத்தைக் கையால் எழுதி, படங்களைக் குச்சி உருவமாகப் போடுங்கள். அழகாக வரையாதீர்கள். அழகாக இருந்தால் மாற்ற மனம் வராது.

இதைப் பிள்ளைகளிடம் இரண்டு விதமாகச் சோதியுங்கள். முதல் நாள் படத்தைக் காட்டாமல் வாசியுங்கள். எங்கே நெளிகிறார்களோ அங்கே எழுத்து கூடுதல். இன்னொரு நாள் வேறு பிள்ளைகளிடம் எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டி, என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அவர்களால் சொல்ல முடியாத இடத்தில் படம் குறைகிறது. "நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்லும்.

9. ஓவியருக்கான குறிப்பு

இப்போதுதான் ஓவியர் வருகிறார். அவரிடம் முகபாவனையும் நிறமும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அது அவர் தொழில். நீங்கள் தர வேண்டியது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத தகவல்.

*திசை.* புத்தகம் முழுவதும் நீர் இடமிருந்து வலமாக ஓடட்டும். தமிழ் வாசிப்பதும் அப்படியே, காவிரி மேற்கிலிருந்து கிழக்கே போவதும் அப்படியே. பார்ப்பவர் வடக்கு நோக்கி நிற்கிறார் என்றாகும். ஆகவே காலைச் சூரியன் வலப்பக்கம், மாலைச் சூரியன் இடப்பக்கம். வடிவு மதகுக்கு ஓடும்போது வலமிருந்து இடமாக, நீரை எதிர்த்து ஓடுவாள். அந்த ஓட்டம் கடினமாகத் தெரிய வேறு எந்த உத்தியும் வேண்டாம். ஒரு பக்கத்தில் திசை புரண்டாலும் மதகு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பிள்ளை குழம்பிப்போகும்.

*பருவம்.* மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. ஆடியில் கடைமடைக்கு நீர் வரும் கதை என்றால் வயலில் நாற்றங்கால் பச்சை, உழவு, வெறும் சேறுதான் இருக்கும். பின்னணியில் பழுத்த கதிர் வரக்கூடாது. ஒரே படத்தில் அறுவடையும் ஏரும் நிற்கும் தவறு அச்சான புத்தகங்களிலும் தாராளம்.

*நிலம்.* தொடுவானத்தில் மலை வேண்டாம், செம்மண் வேண்டாம். தட்டையான வெளி, கருஞ்சாம்பல் சேறு, தென்னை, பனை, மூங்கில் புதர், பூவரசு, கொக்கு. நிலம் தட்டையாக இருப்பதால் கரைதான் படத்தில் உயரமான கோடு. வடிவை அந்தக் கோட்டின்மேல் நிறுத்தினாலே அவள் பெரியவளாகத் தெரிவாள்.

*கருவி.* மண்வெட்டி, கூடை, கொட்டாப்புளி, மதகுப் பலகை நான்கையும் உங்கள் ஊரிலேயே கைபேசியில் படமெடுத்துக் கொடுங்கள். யாராவது கையில் பிடித்திருக்கும் படமாக இருக்கட்டும். தனியாகக் கிடக்கும் கருவியைப் பார்த்து வரைந்தால் பிடி தவறிவிடும். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் வேறு நாட்டு மண்வாரிதான் வரும்.

உடன்பாட்டை எழுத்தில் போடுங்கள்: எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், தொகை எந்தக் கட்டங்களில், மூல ஓவியம் யாரிடம் இருக்கும், மறுபதிப்பில் பங்கு உண்டா. ஓவியர் பெயர் முன்னட்டையில், எழுத்தாளர் பெயருக்கு நிகரான அளவில் வர வேண்டும்.

10. பக்க வடிவமைப்பு

20×30 அங்குலத் தாளில் ஒரு புறத்துக்கு எட்டுப் பக்கம் வீதம், இருபுறமும் சேர்த்து 16 பக்கம் விழும். வெட்டிய பிறகு 7.25×9.5 அங்குலம் கிடைக்கும். சதுரப் புத்தகம் பார்க்க அழகுதான், ஆனால் இந்தத் தாளில் கழிவு அதிகம். படம் வரையத் தொடங்கும் முன்பே அச்சகத்தில் கேட்டு அளவை உறுதி செய்யுங்கள். வரைந்த பிறகு அளவு மாறினால் ஒவ்வொரு படத்தின் ஓரமும் பலியாகும்.

வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வரை படம் நீள வேண்டும். வெட்டு சற்று நகர்ந்தால் வெள்ளைக் கீற்று தெரியாமலிருக்க இதுதான் காப்பு. நடு மடிப்பின் இருபுறமும் 10 மி.மீ. இடத்தில் முகம், கை, எழுத்து எதுவும் வேண்டாம். 24–25 ஆம் பக்கத்தில் அந்த ஒரு முழ இடுக்கைச் சரியாக நடுமடிப்பில் வைக்க ஆசை வரும். வைத்தால் படத்தின் முக்கிய இடத்தையே மடிப்பு விழுங்கிவிடும்.

எழுத்தின் அளவு 20 புள்ளி (பாயிண்ட்), வரிக்கு வரி 30 புள்ளி. தமிழில் "கீ", "ழூ", "றி" போன்றவற்றின் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். வரிக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். இருபக்கமும் சமன் செய்யாமல் இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். சமன் செய்தால் நீளச் சொற்களுக்கிடையே பொத்தல் விழும்.

யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய குறியீட்டிலிருந்து மாற்றினால் துணைக்காலும் "ர"வும் இடம் மாறும், "ஔ"வும் "ஒள"வும் குழம்பும், "கொ" உடைந்து புள்ளி வட்டம் வரும். திரையில் சரியாகத் தெரிந்ததே என்று விடாமல், இறுதி பி.டி.எஃப்-ஐத் தாளில் எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். முடிந்தால் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். கதையின் ஓட்டம் இல்லாவிட்டால் கண் பிழையில் நிற்கும்.

11. அச்சு

படங்கள் இறுதி அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி (டி.பி.ஐ.), நான்கு வண்ண முறையில் இருக்க வேண்டும். எழுத்து முழுக்கக் கறுப்பு மை ஒன்றில் மட்டும். நான்கு மையிலும் கறுப்பு விழுந்தால், தகடு இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் தெரியும். உள்தாள் 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அட்டை 250 முதல் 300. உள்தாள் இதைவிட மெல்லியதானால் மறுபக்கப் படம் ஊடாகத் தெரியும். குறிப்பாகச் சொல்லில்லாத 18–19 ஆம் பக்கத்தின் வெளிர் வண்ணத்தில்.

சேற்று நிறம்தான் சோதனை. திரையில் பார்க்கும் கருஞ்சாம்பல், அச்சில் பச்சை பாரிக்கும் அல்லது வெறும் கறுப்பாகிவிடும். சேறு அதிகமுள்ள ஒரு விரிபக்கத்தையும் நாற்று உள்ள ஒரு விரிபக்கத்தையும் அச்சாகும் அதே தாளில் மாதிரி எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நூறுக்கும் குறைவான படிகளுக்கு டிஜிட்டல் அச்சு, ஐந்நூறுக்கு மேல் என்றால் ஆஃப்செட்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையவழி விண்ணப்பித்துப் பெறலாம், கட்டணம் இல்லை. ஆனால் நேரமெடுக்கும், ஆகவே ஓவியம் நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்குப் பதிப்பாளர் தலா ஒரு படி அனுப்ப வேண்டும். வெளியான 30 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். அந்த நான்கு படிகளைக் கட்டுப் பிரித்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். வெளியீட்டு விழா முடிந்தபின் தேடினால் கையில் இருக்காது.

மிச்சம் ஒரு படியில் "திருத்தப் படி" என்று எழுதிக்கொள்ளுங்கள். கண்ணில் படும் பிழைகளையும், பிள்ளைகள் கேட்கும் பதிலில்லாத கேள்விகளையும் அதிலேயே குறித்து வாருங்கள். வடிவமைப்புக் கோப்பு, எழுத்துரு, மூலப்படங்கள் மூன்றையும் ஒரே உறையில் இரண்டு இடத்தில் சேமியுங்கள். அச்சகத்திடம் இருக்கும் பி.டி.எஃப்-ஐ மட்டும் நம்பினால் மறுபதிப்பில் ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தக்கூடப் பக்கத்தை மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.